விற்பனையை அளக்கும் வட்டங்கள்

ஒரு நிறுவனத்திற்கு இரண்டு ஊர்களில் கிளைகள் இருப்பதாகக் கொள்வோம். ஓர் ஆண்டில் முதற்கிளை 10 இலட்சம் ரூபாய்க்கும், இரண்டாவது கிளை 40 இலட்சம் ரூபாய்க்கும் விற்றிருக்கின்றன. இவற்றை இரண்டு வட்டங்களாக வரைந்து காட்டும்படி ஒரு மாணவனிடம் சொன்னால், அவன் கவராயத்தை எடுத்து முதல் வட்டத்திற்கு 1 செ.மீ. ஆரமும், அடுத்ததற்கு 4 செ.மீ. ஆரமும் வைத்து வரையக்கூடும். விற்பனை நான்கு மடங்கு, ஆரமும் நான்கு மடங்கு. கணக்கு சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் வட்டத்தின் பரப்பு ஆரத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் அமைவது. எனவே இரண்டாம் வட்டம் முதல் வட்டத்தைப்போல் 16 மடங்கு பரப்புடையதாகிவிடும். இப்படத்தை மட்டும் பார்க்கும் முதலாளி, சிறிய கிளையை மூடிவிடலாம் என்று எண்ணினால் அதில் வியப்பில்லை!

வணிக அறிக்கைகளைத் தயாரிக்கும் கணிப்பொறி மென்பொருள்கள் இன்று இத்தகைய படங்களை நொடிப்பொழுதில் வரைந்து தருகின்றன. கிடை அச்சில் விற்பனை, நிலை அச்சில் இலாப விழுக்காடு, வட்டத்தின் அளவில் வாடிக்கையாளர் எண்ணிக்கை என மூன்று அளவைகளை ஒரே தளத்தில் காட்டும் இதற்குக் குமிழி வரைபடம் என்று பெயர். இதன் வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

வாட்டின் உதவியாளர்

ஸ்காட்லாந்தில் 1759இல் பிறந்த வில்லியம் பிளேஃபேர், நீராவி எந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் படவரைஞராகப் பணியாற்றியவர். 1786இல் அவர் வெளியிட்ட நூலில் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குகளைக் கோடுகளாக வரைந்து காட்டினார். பல பக்க அட்டவணைகள் சொல்லும் செய்தியை ஒரு பார்வையில் உணர்த்திவிட முடியும் என்பது அவரது நம்பிக்கை.

1801இல் வெளிவந்த மற்றொரு நூலில் அவர் வட்டங்களைக் கையாண்டார். ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம்; வட்டத்தின் பரப்பு நாட்டின் நிலப்பரப்பைக் குறித்தது. வட்டத்தின் இடப்புறக் கோடு மக்கள் தொகையையும், வலப்புறக் கோடு அரசின் வரி வருவாயையும் காட்டின. இவ்விரு கோடுகளின் உச்சிகளையும் ஒரு சாய்கோடு இணைத்தது. பிரிட்டனின் சாய்கோடு வரிப்பக்கம் உயர்ந்து நின்றது. அந்நாட்டு மக்கள் தாங்கமுடியாத வரிச்சுமையைச் சுமக்கிறார்கள் என்பதே அவர் சொல்ல விரும்பிய செய்தி.

ஆனால் இங்கே இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. சாய்கோடு வட்டத்தின் விட்டத்தைக் கடந்து செல்வதால், மக்கள் தொகையும் வரியும் சமமாகவுள்ள இரு நாடுகளில் பெரிய நாட்டின் கோடு குறைவாகவே சாயும். மேலும், ஒரு பக்கம் மக்கள், மறுபக்கம் பவுன் எனும் நாணயம். இரண்டும் வெவ்வேறு அலகுகள். அதே அளவுகோலை வைத்துக்கொண்டு, பவுனுக்குப் பதில் அக்கால ஷில்லிங்கில் வரியைக் குறித்திருந்தால் வலப்புறக் கோடுகள் எல்லாமே 20 மடங்கு நீண்டிருக்கும். அப்போது வேறு பல நாடுகளின் கோடுகளும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். வரிச்சுமை உண்மையோ அன்றோ, அந்தச் சாய்வு அதற்குச் சான்றாகாது.

வட்டங்கள் தேசப்படத்தில் ஏறுதல்

1837ஆம் ஆண்டில் அயர்லாந்தின் இருப்புப் பாதைத் திட்டத்திற்காக ஹென்றி ஹார்னஸ் என்ற இராணுவப் பொறியாளர் வரைந்த தேசப்படத்தில் நகரங்களின் மக்கள் தொகை வட்டங்களாக இடம்பெற்றது. 1858இல் பிரெஞ்சுப் பொறியாளர் சார்லஸ் ஜோசஃப் மினார், பாரிஸ் நகருக்கு எந்த மாவட்டம் எவ்வளவு இறைச்சி அனுப்புகிறது என்பதைத் தேசப்படத்தின் மேல் வட்டங்களாகக் காட்டினார். வட்டத்தின் பரப்பு மொத்த அளவைக் குறிக்க, அதன் துண்டுகள் மாட்டிறைச்சி, கன்றிறைச்சி, ஆட்டிறைச்சி ஆகியவற்றின் பங்கைக் குறித்தன. வணிகத்தை வட்டத்தால் அளந்த முன்னோடிப் படங்களுள் இதுவும் ஒன்று.

தேசப்படத்தில் வட்டம் நிற்கும் இடம் ஊரைக் குறிக்கிறது. அவ்விடத்தையே ஓர் அளவையாக மாற்றியது அடுத்த படி. அமெரிக்காவின் பாஸ்டன் ஆலோசனைக் குழுமத்தை நிறுவிய புரூஸ் ஹெண்டர்சன் 1970இல் பரப்பிய நாற்கட்டப் படம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஒரு அச்சில் சந்தைப் பங்கு, மற்றதில் சந்தையின் வளர்ச்சி. பொருள்கள் அவற்றின் விற்பனைக்கேற்ற பரப்புடைய வட்டங்களாக அதில் வரையப்பட்டன. 'விண்மீன்', 'கறவைப் பசு', 'நாய்', 'வினாக்குறி' என்பன கட்டங்களின் பெயர்கள். எப்பொருளுக்கு முதலீடு செய்வது, எதைக் கைவிடுவது என்பதை நிறுவனங்கள் இப்படத்தைக் கொண்டு ஆராய்ந்தன.

2006இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் இக்குமிழிகளை ஓடவும் வைத்தார். பெண்கள் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையும் சராசரி ஆயுளும் அச்சுகளாக, மக்கள் தொகையே குமிழியின் அளவாக, 1960கள் முதல் நாடுகள் இடம்பெயர்வதை அவர் மேடையில் காட்டினார். அதன்பின் இவ்வகைப் படத்தைப் பொதுமக்களும் அறிந்துகொண்டனர்.

கண்ணின் கணக்கு

பரப்பைச் சரியாகக் கணக்கிட்டு வரைந்துவிட்டால் போதுமா? போதாது. நம் கண் பரப்பைக் குறைத்தே மதிப்பிடுகிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் ஃபிளானரி கண்டறிந்தபடி, நாம் உணரும் அளவு உண்மைப் பரப்பின் ஏறத்தாழ 0.87ஆம் அடுக்கைப் பொறுத்தது. அதன்படி நான்கு மடங்கு பரப்பு நமக்குச் சுமார் 3.3 மடங்காகவே தெரியும். 1984இல் கிளீவ்லாந்து, மக்கில் என்ற இரு அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதே: ஒரே அளவுகோலின் மேல் புள்ளிகள் நிற்கும் இடத்தை நாம் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறோம், நீளம் அதற்கு அடுத்தது, பரப்பு வெகு பின்னால்தான் வருகிறது.

இதிலிருந்து நாம் பெறும் விதி எளியது. எந்த அளவையைத் துல்லியமாக ஒப்பிட வேண்டுமோ அதை அச்சில் வையுங்கள். தோராயமாகத் தெரிந்தால் போதும் என்பதைக் குமிழிக்கு விடுங்கள். இலாபத்தைக் குமிழியாக்குவதில் இன்னோர் இடரும் உண்டு. நட்டம் எதிர் எண்; எதிர்ப் பரப்புடைய வட்டம் உலகில் இல்லை. பரவலாகப் பயன்படும் எக்செல் மென்பொருளில், நாம் தனியே கேட்டாலன்றி அத்தகைய குமிழிகள் படத்தில் தோன்றுவதில்லை. நட்டத்தில் ஓடும் கிளை ஓசையின்றி மறைந்துவிடும்! அதே மென்பொருளில் குமிழியின் அளவு பரப்பைக் குறிப்பதா, விட்டத்தைக் குறிப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் இருக்கிறது. விட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் நம் மாணவன் செய்த தவறையே கணிப்பொறியும் செய்யும்.

ஒரு தாளில் 1 செ.மீ., 2 செ.மீ., 4 செ.மீ. ஆரமுள்ள மூன்று வட்டங்களை வரைந்து, வீட்டில் உள்ளவர்களிடம் காட்டுங்கள். சிறியதைப்போல் மற்றவை எத்தனை மடங்கு என்று கேளுங்கள். விடைகளைக் குறித்துக்கொண்டு, 4, 16 என்ற உண்மை விடைகளோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒரு குமிழி வரைபடத்தைக் காணும்போது, வட்டத்தின் பக்கத்தில் எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண் தானாகவே தேடும்.