வீட்டு நாயிடம் திடீரெனத் தோன்றும் மூர்க்கம்: காரணங்களும் கையாளும் முறைகளும்

வீட்டில் பல ஆண்டுகளாக அன்புடன் பழகிய நாய் ஒரு நாள் திடீரென உறுமுவதும், பற்களைக் காட்டுவதும், கடிக்க முற்படுவதும் குடும்பத்தினருக்கு அச்சத்தையும் வேதனையையும் தருகின்றன. செல்லம் கொடுத்ததால் கெட்டுவிட்டது என்று கருதிப் பலர் நாயை அடிக்கின்றனர். இது தவறான அணுகுமுறையாகும். குணம் திடீரென மாறிய நாய்க்கு வலியோ நோயோ இருக்கக்கூடும் என்றே முதலில் கருத வேண்டும். வீட்டிலுள்ளோரைப் பாதுகாப்பதும், நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும் உடனடிக் கடமைகளாகும்.

காரணங்கள்

வலி: காதில் சீழ், பல்வேரில் கட்டி, மூட்டுவாதம், முதுகுத்தண்டுப் பாதிப்பு ஆகியவை வெளியே எளிதில் தெரிவதில்லை. வலியுள்ள இடத்தைத் தொடும்போதோ, தூக்கும்போதோ மட்டும் நாய் கடிக்க வரலாம்.

முதுமை: பார்வையும் செவித்திறனும் குறைந்த நாய், அருகில் ஆள் வருவதை உணராமல் திடுக்கிட்டுக் கடிக்கலாம். மூளைத் தளர்ச்சியால் குழப்பமடைந்து, பழகியவர்களை அடையாளம் காணாமலும் போகலாம்.

மூளை, நரம்பு நோய்கள்: வலிப்பு நோய், மூளைக் கட்டி, டிஸ்டெம்பர் எனும் வைரஸ் நோய், வெறிநோய் (ரேபிஸ்) ஆகியவை நடத்தையை மாற்றக்கூடியவை. வலிப்பு வந்து தெளிந்த சிறிது நேரத்திற்கு நாய் தன்னிலை இழந்திருக்கும். அப்போது நெருங்கக் கூடாது.

அச்சமும் தற்காப்பும்: பட்டாசு ஓசை, புதிய மனிதர்கள், குட்டிகளைக் காக்கும் தாய்மை உணர்வு, உணவைப் பறிப்பார்களோ என்ற பதற்றம் ஆகியவையும் காரணமாகலாம். சண்டையிடும் இரு நாய்களைக் கையால் பிரிக்க முயல்வோர் கடிபடுவது உண்டு.

வெறிநோயின் அறிகுறிகள்

வெறிநோய் கண்ட நாயிடம் பின்வரும் மாற்றங்களுள் சில தென்படலாம்:

• உணவை மறுத்தல். கல், குச்சி போன்றவற்றைக் கடித்தல்
• குரைப்பொலி மாறுதல்
• மிகுதியாக எச்சில் வடிதல், தாடை தொங்குதல்
• காரணமின்றிக் கடித்தல், இலக்கின்றித் திரிதல்
• பின்னங்கால்கள் தளர்தல்

எல்லா நாய்களும் மூர்க்கமடைவதில்லை. சில நாய்கள் இருட்டான மூலையில் ஒதுங்கி அமைதியாகக் கிடக்கும். நாய் தண்ணீர் குடிப்பதால் வெறிநோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. விழுங்க இயலாமல் வாய் திறந்து நிற்கும் நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியிருப்பதாக எண்ணி, வாய்க்குள் கையை விடுவது மிகவும் ஆபத்தானது.

கடிக்கும் முன் காணப்படும் எச்சரிக்கைகள்

உடல் விறைத்து நிற்றல், வாலை ஒடுக்குதல், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியுமாறு பார்த்தல், உதட்டை நக்குதல், உதட்டை உயர்த்திப் பல்லைக் காட்டுதல், உறுமுதல் ஆகியவை "விலகிச் செல்" என்று நாய் தெரிவிக்கும் அடையாளங்களாகும். உறுமியதற்காக அடிக்கப்படும் நாய் உறுமுவதை நிறுத்திவிட்டு, எச்சரிக்கையின்றிக் கடிக்கத் தொடங்கலாம்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

• அசையாமல் நின்று, பின்னர் மெதுவாக விலகவும். ஓடுதல், கத்துதல், நாயின் கண்களை உற்று நோக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.
• குழந்தைகளையும் முதியோரையும் வேறு அறைக்கு அனுப்பவும்.
• இயலுமானால், நாயைத் தொடாமல் கதவை மூடித் தனி அறையில் வைக்கவும். குடிநீரைக் கைபடாத தொலைவிலிருந்து வைக்கவும்.
• மனிதர்களுக்கான வலி நிவாரணி மாத்திரைகளையோ தூக்க மாத்திரைகளையோ கொடுக்கக் கூடாது. அவை நாய்க்கு நஞ்சாகலாம்.
• கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே தொலைபேசியில் நிலைமையைக் கூறி, அழைத்துவரும் முறையைக் கேட்டறியவும்.

நாய் கடித்துவிட்டால்

"நம் வீட்டு நாய்தானே" என்று கடியைப் பொருட்படுத்தாமல் விடுவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். வெறிநோயின் அறிகுறிகள் மனிதரிடம் தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது மிக அரிது. ஆனால் உரிய நேரத்தில் சிகிச்சை பெற்றால் நோய் வராமல் தடுக்க இயலும்.

1. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் நன்கு கழுவவும். பின்னர் போவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினியை இடவும்.
2. மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் ஆகியவற்றைக் காயத்தில் பூசக் கூடாது. இறுக்கமாகக் கட்டுப்போடவும் கூடாது.
3. அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ மருத்துவமனைக்கோ செல்லவும். தோலினுள் செலுத்தப்படும் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடப்படுகிறது. முதல் ஊசி போடப்படும் நாளே 0 ஆகும்.
4. தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தாலோ, புண்ணிலோ வாய், கண் போன்ற இடங்களிலோ எச்சில் பட்டிருந்தாலோ தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். முன்னர் முழுமையாகத் தடுப்பூசி பெற்றவர்கள் அதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கைக்குழந்தைகளும் இத்தடுப்பூசியைப் பெறலாம். குட்டி நாய் கடித்தாலும், நகத்தால் கீறினாலும், தடுப்பூசி போடப்பட்ட நாய் கடித்தாலும் மருத்துவ ஆலோசனை அவசியம்.

கடித்த நாயைக் கொல்லவோ விரட்டவோ கூடாது. 10 நாட்கள் பாதுகாப்பாக அடைத்துக் கண்காணிக்க வேண்டும். அதன் முடிவுக்காகக் காத்திருந்து முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. 10 நாட்களுக்குப் பின்னும் நாய் நலமாக இருந்தால், மீதமுள்ள தவணைகள் குறித்து மருத்துவர் முடிவு செய்வார்.

கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவை

மாற்றம் தொடங்கிய நாள், அப்போது நடந்தவை, உணவிலும் உறக்கத்திலும் உள்ள வேறுபாடு, அண்மையில் வேறு விலங்கு கடித்ததா என்ற விவரம், தடுப்பூசி அட்டை ஆகியவை நோயறிய உதவும். தொலைவிலிருந்து பாதுகாப்பாக எடுத்த காணொளியும் பயன்படும். கால்நடை மருத்துவச் சேவைக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

தொடர் பராமரிப்பு

காரணம் வலியாக இருப்பின், அதற்குரிய சிகிச்சையால் பல நாய்கள் பழைய இயல்புக்குத் திரும்புகின்றன. அச்சம் காரணமெனில், அச்சமூட்டும் சூழலைத் தவிர்த்து, அமைதியாக இருக்கும்போது தின்பண்டம் கொடுத்துப் படிப்படியாகப் பழக்க வேண்டும். வெளியில் அழைத்துச் செல்லும்போது, மூச்சுவிடவும் நீர் அருந்தவும் இடமுள்ள கூடை வடிவ வாய்மூடியை அணிவிக்கலாம். உண்ணும்போதும் உறங்கும்போதும் நாயைத் தொந்தரவு செய்யாதிருக்கக் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும். பெரியவர் துணையின்றிச் சிறு குழந்தையை எந்த நாயுடனும் தனியே விடக் கூடாது.

குட்டிக்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அதன்பின் மருத்துவர் கூறும் காலத்தில் ஊக்க ஊசியும், ஆண்டுதோறும் மறு ஊசியும் போடுவது நாயையும் குடும்பத்தையும் காக்கும்.

நினைவில் கொள்க

மூர்க்கம் அடைந்த நாயை அடிக்க வேண்டாம், நெருங்கவும் வேண்டாம். நாயைக் கால்நடை மருத்துவரிடமும், கடிபட்டவரை அன்றே மருத்துவரிடமும் காட்டவும். இப்பக்கத்தின் தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.