லா சியோத்தா ரயிலும் யாரும் எடுக்காத பிரேம்களும்

1890களில் லூமியர் சகோதரர்கள் எடுத்த ரயில் படத்தைப் பார்த்திருப்பீங்கள். பிரான்சின் லா சியோத்தா நிலையம், சுமார் 50 செக்கன், அவ்வளவுதான். 2020இல் டெனிஸ் ஷிர்யாயெவ் என்பவர் அதைச் செக்கனுக்கு 60 பிரேமாக்கி யூரியூபில் போட்டார். நானும் வாய் பிளந்துதான் பார்த்தன். ரயில் அப்படியே வழுக்கிக்கொண்டு வருது.

பிறகுதான் கணக்குப் போட்டன். லூமியரின் கமரா கையால் சுழற்றுவது. செக்கனுக்கு ஏறக்குறைய 16 பிரேம். ஆக, மொத்தம் 800 சொச்சம். புதியதில் 3000. ஏறத்தாழ முக்கால்வாசியை எந்தக் கமராவும் பிடிக்கவில்லை. 'டெய்ன்' என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் அடுத்தடுத்த இரண்டு பிரேம்களை ஒப்பிட்டு, எது முன்னால் நிற்குது, எது எந்தப் பக்கம் நகருது என்று கணித்து, இடைப்பட்டதைத் தானே உருவாக்கியது. (மிச்சக் கால்வாசியையும் 4கே தரத்துக்குப் பெருப்பிக்க இன்னொரு மென்பொருள் தொட்டிருக்கு.)

வீடியோவை நிறுத்தி, மேடையில் நிற்கிற ஒரு பெண்ணைப் பாருங்கோ. அது கமரா கண்ட முகமா, கணினி ஊகித்த முகமா? பிரேமில் ஒரு அடையாளமும் இல்லை.

என்ர ஒப்படைக்கு அதிலிருந்துதான் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைச்சிருந்தன். அதை நீக்கிப்போட்டு, மங்கலான பழைய பிரதியிலிருந்து ஒன்றை வெட்டி ஒட்டினன்.