மியாமிக்குப் போன பொருந்தல் நெல்

பழனிக்குத் தென்மேற்கே 12 கிலோமீட்டரில், மலையடிவாரத்தில் பொருந்தல் என்றொரு ஊர். சங்கப் புலவர் பொருந்தில் இளங்கீரனாரின் ஊர் இதுவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்த ஊர் ஈமக்காட்டில், பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கல்லறை ஒன்றில், நான்கு கால் வைத்த ஒரு ஜாடியை யாரோ வைத்துவிட்டுப் போனார்கள். ஜாடிக்குள் நெல். செத்தவருக்குப் போகிற வழிக்கு வைத்த நெல். மேலே மூடுகல் வைத்து மண் தள்ளிய பிறகு, அந்தக் கல்லறை ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு திறக்கப்படவில்லை.

2009, 2010 ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைப் பேராசிரியர் கா. ராஜனும் அவருடைய மாணவர்களும் அங்கே அகழ்ந்தார்கள். ஜாடிக்குள் சுமார் இரண்டு கிலோ நெல் கிடைத்தது. ஆயிரம் மணிக்கு இருபத்தைந்து கிராம் என்கிற இன்றைய கணக்கை வைத்தால் எண்பதாயிரம் மணி வரும். கூடவே பானைகளைத் தாங்கும் மண் பிரிமனைகள். அவற்றில் இரண்டில் ‘வய்ர’ என்று தமிழ்-பிராமியில் கீறியிருந்தது. இந்த நெல்லின் கதை நெல்லோடு நிற்காமல் எழுத்தின் கதையானது அந்தக் கீறலால்தான்.

இந்தக் கதையைக் காவிரிக்கரைக் கொடுமுடியில் ஒரு சபைக்குச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கொடுமுடிக்காரர்களுக்குப் பழனி அயலூர் இல்லை. பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு நாட்டு ஊர்களிலிருந்து சனம் இங்கே வந்து காவிரியில் தீர்த்தம் முகந்து, காவடியில் கட்டிப் பழனிக்கு நடக்கிறது. எழுத்தும் இங்கே புதிதில்லை. கொடுமுடியைத் தாண்டிக் காவிரி கொஞ்சம் கீழே இறங்கினால் நொய்யல் வந்து கலக்கிறது. அதற்கும் கீழே புகளூர் வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலை. மேலே முருகன் கோயில், குகைத்தளத்தில் சமண முனிவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்ததைச் சொல்லும் சேரர் கல்வெட்டு. அதே நொய்யலில் எதிர்த்திசையில் ஏறிப் போனால் சென்னிமலைக்கு மேற்கே கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அதுதான். அங்கே பெயர் கீறிய பானை ஓடுகள் மட்டும் ஐந்நூறுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஆகவே பொருந்தல் நெல்லைப் பற்றிப் பேச ஒரு பேராசிரியர் இந்தப் பக்கம் வந்தால், உட்கார்ந்து கேட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு வருகிறவர்கள் அல்லர்.

அவர்கள் கேட்கும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். “ஏனுங்க, நெல்லு அத்தனை வருசம் எப்புடீங்க மக்காம இருந்துச்சு?” நெல்லைக் கட்டிக் காத்தவர்கள் கேட்கிற கேள்வி இது. குதிருக்குள் ஈரம் ஏறினால் என்னவாகும் என்று தெரிந்தவர்கள்தான் இதைக் கேட்பார்கள். பதிலில் பாதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்: மூடிய ஜாடி, மேலே கல், சுற்றிலும் மண். மீதிப் பாதி உமியில் இருக்கிறது. உமியில் மணற்சத்தான சிலிக்கா மிகுதி. அதனால்தான் உமியை மாடு விரும்பித் தின்பதில்லை, குப்பையில் போட்டாலும் சீக்கிரம் மக்குவதில்லை.

இந்த நெல்லில் ஒரு பகுதி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மியாமியிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போனது. அங்கே நெல்லுக்கு நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மேடைகளில் இதை ‘கார்பன் டேட்டிங் செய்தார்கள்’ என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். நம்பச் சொல்கிறார்களே ஒழிய, நம்புவதற்கான காரணத்தைக் கையில் கொடுப்பதில்லை.

முதலில் குளியல். அமிலத்தில் ஒரு முறை, காரத்தில் ஒரு முறை, மறுபடி அமிலத்தில். மண்ணிலிருந்து ஏறிய சுண்ணாம்பும், பிற்காலத்து வேரும் தழையும் அழுகி ஊறிய கரிமமும் இதில் கழிந்துபோகும். மிஞ்சுவது நெல்லின் சொந்தக் கரிமம் மட்டும். அதை எரித்துக் கரியமில வாயுவாக்கி, அந்த வாயுவைக் கிராபைட் ஆக்குகிறார்கள். பென்சில் முனையில் இருக்கிற அதே பொருள். ஒரு மில்லிகிராம் போதும். அதாவது, அளவைப் பொறுத்தவரை ஒரே ஒரு நெல்மணியே தாராளம்.

எண்ணப்படுவது கார்பன்-14. வானத்தின் மேலடுக்கில் அண்டக்கதிர்கள் மோதி நைட்ரஜனிலிருந்து ஓயாமல் உண்டாகிக்கொண்டிருக்கும் கதிரியக்கக் கரிமம் இது. காற்றில் கலக்கிறது, ஒளிச்சேர்க்கை வழியே பயிரில் ஏறுகிறது. ஒரு லட்சம் கோடிக் கரிம அணுக்களுக்கு ஒன்று என்கிற அளவில்தான் இருக்கும். பயிர் உயிரோடு இருக்கும்வரை வரவும் செலவும் சரியாகிவிடும். அறுத்த நாளோடு வரவு நின்றுவிடுகிறது, செலவு தொடர்கிறது. 5,730 ஆண்டில் பாதியாகும். 2,500 ஆண்டு கழித்து நூற்றுக்கு எழுபத்து நான்கு பங்கு மிஞ்சும். மிஞ்சியது எவ்வளவு என்று அளந்தால், அறுத்து எவ்வளவு காலம் ஆனது என்று கணக்கு வந்துவிடும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்லார்டு லிப்பி இந்த முறையைக் கண்டார். 1960-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் காலத்தில் அணு சிதைவதைக் காத்திருந்து எண்ண வேண்டும். ஒரு மில்லிகிராம் கரிமத்தில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தாலும் இருபது சிதைவுக்கு மேல் நடக்காது. அதனால் கிராம் கணக்கில் பொருளை எரிக்க வேண்டியிருந்தது. 1970-களின் இறுதியில் வந்த முடுக்கி நிறை நிறமாலைமானி, ஏ.எம்.எஸ். என்பார்கள், சிதைவுக்குக் காத்திராமல் அணுக்களையே நேராக எண்ணிவிடுகிறது. அதே ஒரு மில்லிகிராமில் கோடிக்கணக்கான கார்பன்-14 அணுக்கள் இருக்கின்றன. இந்தக் கருவி இல்லாவிட்டால் பொருந்தல் நெல்லில் எவ்வளவோ மணிகளைச் சாம்பலாக்கியிருக்க வேண்டும்.

நெல்லுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பழைய விட்டத்தின் மரத்தைச் சோதித்தால், மரத்தின் நடுவைரம் வெட்டிய ஆண்டுக்கு ஒரு நூறு ஆண்டு முந்தியதாக இருக்கலாம். கிடைப்பது வைரம் வளர்ந்த காலமே தவிர, வீடு கட்டிய காலம் இல்லை. நெல் ஒரு போகத்துப் பயிர். விதைத்ததும் அறுத்ததும் சில மாதத்துக்குள். அதன் ஆண்டு என்பது அறுவடை ஆண்டுதான்.

மியாமியிலிருந்து வந்த விடை கி.மு. 490. 2011-இல் செய்தித்தாள்களில் வந்தது. அசோகர் கல்வெட்டுகளோ கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. அசோகரிடமிருந்துதான் எழுத்து தெற்கே வந்தது என்று பாடப்புத்தகம் படித்த தலைமுறைக்கு இது பெரிய செய்தி. அதே ஈமக்காட்டின் இன்னொரு கல்லறை நெல் கி.மு. 450 என்று பிறகு வந்தது.

490 வந்தபோது இரண்டு பெரியவர்கள் ‘பொறுங்கள்’ என்றார்கள். ஒருவர் ஐராவதம் மகாதேவன். புகளூர்க் கல்வெட்டைச் சரியாகப் படித்துச் சேர மன்னர்களின் வரிசையை நிறுவியவர். 2003-இல் வந்த அவருடைய ‘எர்லி தமிழ் எபிகிராபி’ இத்துறையின் அடிப்படை நூல். மற்றவர் எ. சுப்பராயலு. தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காகக் கொடுமணலில் 1985 தொடங்கி அகழ்ந்தவர். அந்த அகழாய்வில் ராஜனும் உடனிருந்தவர். ஒரு மாதிரியின் ஆண்டை வைத்து எழுத்தின் தொடக்கத்தை முடிவு கட்ட முடியாது, இன்னும் பல வரட்டும் என்பதே இருவருடைய நிலைப்பாட்டின் சாரம்.

இதைத் தமிழுக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொண்டவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். வாழ்நாளெல்லாம் தமிழ்-பிராமியைப் படித்த மனிதர் ‘இன்னொரு மாதிரி கொண்டு வா’ என்றால், அந்த எழுத்தின் மேல் அவருக்கு இருக்கும் அக்கறைதான் அப்படிப் பேச வைக்கிறது. நெல் கி.மு. 490 என்றது செய்தி. மகாதேவன் கேட்டதும் செய்தியே. பொதுமேடைக்கு முதலாவது மட்டும் வந்து சேர்ந்தது.

இன்னொன்றும் மேடைக்கு வராமல் நின்றுவிட்டது. காற்றில் கார்பன்-14 எல்லா நூற்றாண்டிலும் ஒரே அளவில் இருந்ததில்லை. ஆகவே ஆய்வக எண்ணை, ஆண்டு தெரிந்த மரவளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தக் கோட்டில் கி.மு. 800-க்கும் 400-க்கும் நடுவே ஒரு சமதளம் இருக்கிறது. ஹால்ஸ்டாட் என்ற ஆஸ்திரிய ஊரின் பெயரில் உலகமெங்கும் தொல்லியலாளர்களுக்குத் தலைவலி தரும் இடம். அதில் விழுகிற மாதிரிக்கு விடை ஒற்றை ஆண்டாக வராது, நூற்றாண்டுகள் அகலமுள்ள வீச்சாகவே வரும். 490, 450 இரண்டும் அந்தச் சமதளத்துக்குள்தான். இரண்டு கல்லறைக்கும் நடுவில் நாற்பது வருசம் என்று யாராவது கணக்குப் போட்டால் அது தவறு.

இதைச் சொன்னால் கேட்பவர் நம்பிக்கை இழப்பார் என்று பேராசிரியர்கள் தயங்குகிறார்கள் போலும். தயங்க வேண்டியதில்லை. வீச்சின் இளைய முனையாகக் கி.மு. 400 என்றே வைத்துக்கொண்டாலும் அசோகர் கல்வெட்டுக்கு அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியது. வீச்சைச் சொல்வதால் வாதம் தோற்பதில்லை. வாழைக்கும் மஞ்சளுக்கும் விலை ‘இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை’ என்று பேசியே பழகிய சபை இது. ஒற்றை எண்ணைக் கொடுத்தால்தான் சந்தேகப்படும்.

இன்னும் பல மாதிரி கேட்டவர்களுக்குப் பதில் கொடுமணலிலிருந்து வந்தது. 2012, 2013-இல் ராஜன் மீண்டும் அங்கே போனார். இம்முறை ஒரே குழியின் ஆண்டை நம்பவில்லை. மண்ணடுக்கு கலையாத இடங்களில் வெவ்வேறு ஆழத்திலிருந்து ஐந்து மாதிரிகள் எடுத்து அதே மியாமிக்கு அனுப்பினார்கள். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் கி.மு. 200. 60-இல் 275. 65-இல் 300. 80-இல் 330. 120-இல் 408. தோண்டத் தோண்டப் பழையது, ஓர் எண் கூட வரிசை மாறவில்லை. எழுத்துக் கீறிய ஓடுகள் இந்த அடுக்குகளில் தொடர்ந்து கிடைத்தன. 120-க்குக் கீழேயும் மனிதர் வாழ்ந்த மண் இருந்தது.

நெல்லின் பயணத்தில் நான் மிக உயர்வாக நினைப்பது இந்த ஐந்து எண்களைத்தான். தனியாக நின்ற 490-க்குப் பக்கத்தில் வந்து நின்ற சாட்சிகள் இவை. ஒரு கரும்பலகை இருந்தால் போதும், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கவைக்கலாம். ஆழம் ஒரு பக்கம், ஆண்டு ஒரு பக்கம் எழுதி, அறிவியலில் நம்பிக்கை எப்படிப் படிப்படியாக ஏறுகிறது என்று காட்டலாம்.

கொங்கு நாட்டுக்கு இப்படிப் பேசியவர்கள் இல்லாமல் இல்லை. ஈரோட்டுப் புலவர் செ. இராசு தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் பேராசிரியராக இருந்தவர். கொடுமணல் ஆய்வில் பங்கேற்றவர். 2023-இல் மறையும்வரை கல்வெட்டையும் செப்பேட்டையும் பட்டயத்தையும் ஊர் ஊராகத் தேடிப் படித்து, அந்தந்த ஊராரிடமே எடுத்துச் சொன்னவர். ராஜனும் ஆங்கில ஆய்வேடுகளோடு நிற்காமல் ‘தொல்லியல் நோக்கில் சங்ககாலம்’ என்று தமிழில் எழுதியவர். ஈரோட்டில் 2005-இலிருந்து மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் புத்தகத் திருவிழாவின் மாலைச் சொற்பொழிவுகளுக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், கேட்க ஆளில்லை என்று சொல்லமாட்டார்கள்.

2019 செப்டம்பரில் கீழடியின் கி.மு. 580 வந்தபோது தமிழகமே ஆண்டுக் கணக்குப் பேச ஆரம்பித்தது. 2021 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்ததும் ஒரு நெல்லின் ஆண்டுதான். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த உமி, கி.மு. 1155. அதையும் அளந்தது மியாமி ஆய்வகமே. 2025 ஜனவரியில் ராஜனும் மாநிலத் தொல்லியல் துறையின் இரா. சிவானந்தமும் எழுதிய இரும்பின் தொன்மை அறிக்கை வந்தபோது, மாதிரிகள் ஒரே ஆய்வகத்தோடு நிற்கவில்லை. லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனமும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடமும் அளந்திருந்தன. பல மாதிரி வேண்டும் என்ற கோரிக்கைக்கு அடுத்த படி, பல ஆய்வகம்.

மியாமிக்குப் போன நெல் திரும்பி வராது. அளப்பதற்காக அதை எரித்தாயிற்று. இங்கே மிஞ்சிய மணிகளிடம் கேட்க இன்னும் கேள்விகள் இருக்கின்றன. கொடுமுடிச் சபையில் பின்வரிசையிலிருந்து கட்டாயம் வருவது, “அது எந்த ரகமுங்க?” வெப்ப நாட்டு மண்ணில் மரபணு சீக்கிரம் சிதைந்துவிடுவதால் ரகத்தின் பெயர் வரை போவது கடினம். ஆனால் நெல்மணியின் காம்படியை உருப்பெருக்கியில் பார்த்தால் ஒன்று தெரியும். காட்டு நெல் பழுத்ததும் தானே உதிரும், அதன் காம்பு வடு வழுவழுப்பாக இருக்கும். மனிதன் விதைத்துப் பழக்கிய நெல் கதிரிலேயே நிற்கும், அடித்தால்தான் பிரியும், அதன் வடு பிய்ந்து சொரசொரப்பாக இருக்கும். களத்தில் கதிரடித்த ஒருவருக்கு இதை விளக்கப் படம் கூடத் தேவையில்லை. பேராசிரியர் உருப்பெருக்கியை மட்டும் கையோடு கொண்டு வந்தால் போதும்.