அச்சில் வந்ததெல்லாம் உண்மையா?

பத்திரிகையில் அச்சாகிவிட்டால் பொய்யும் மெய்யாகிவிடும் என்று எண்ணுவோர் இன்றும் நம்மில் உளர். டெங்கில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் இவ்விஷயத்தில் கற்ற பாடமோ உயிரை விலையாகக் கொடுத்துக் கற்றதாகும்.

சிங்கப்பூர் எவராலும் பிடிக்கவொண்ணாத கோட்டையென்று 1941-ஆம் ஆண்டின் இறுதிவரை ஆங்கிலப் பத்திரிகைகள் முழங்கின. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூரும், பிப்ரவரி 15-இல் அக்கோட்டையும் ஜப்பானியர் வசமாயின. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பத்திரிகையின் இடத்தில் ஷோனான் டைம்ஸ் வெளிவந்தது. எஜமானர் மாறினர், பிரசாரம் நின்றபாடில்லை.

1943-இல் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆள் தேடி விளம்பரங்கள் வந்தன. மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவும் வைத்தியமும் இலவசம் என்றார்கள். நம்பிச் சென்றோர் சிலர் உண்டு. ஆயினும் போதிய ஆட்கள் முன்வரவில்லை. உடனே தோட்டத்துக்கு இத்தனை பேரென்று கணக்கு விதிக்கப்பட்டது. வீதியில் அகப்பட்டோரும் வண்டியேற்றப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவதற்குள், மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளருள் பல்லாயிரவர் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் இரையாயினர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் தமிழரே.

அப்படியானால் ஐயுறுவதால் பயனில்லையென்று சொல்லலாமா? கூடாது. மக்கள் நம்ப மறுத்ததனாலன்றோ விளம்பரத்தின் வேஷம் கலைந்து துப்பாக்கி வெளிப்பட்டது! ஆனால் அவரவர் நெஞ்சுக்குள்ளேயே அடக்கிய ஐயம் ஒருவரையும் காக்கவில்லை. ஆகவே தோழர்களே, சொல்பவர் யார், லாபம் யாருக்கு, முன்பு போனவன் திரும்பி வந்தானா என்பவற்றைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் கூடி நின்று, உரக்கக் கேளுங்கள்.