‘அவ்வாறே’ என்னும் ஒரு சொல்: இப்போக்கிரட்டீசின் சூளுரையும் உயிர்காப்புக் கொள்கையும்

கிரேக்க மருத்துவ நூற்றொகுதியுள் அடங்கிய ஏறத்தாழ அறுபது நூல்களுள் அளவால் மிகச் சிறியவற்றுள் ஒன்றாயினும் புகழால் மிகப் பெரியது ‘சூளுரை’ என வழங்கும் ஒரு பக்க உரைப்பகுதியாகும். கி.மு. 460 அளவில் காசுத் தீவில் பிறந்தவராகக் கூறப்படும் இப்போக்கிரட்டீசின் பெயரால் அஃது அறியப்படினும், அவரே அதனை இயற்றினார் என்பதற்குச் சான்றில்லை. அயோனிய வழக்கில் அமைந்த அதனைக் கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டினதாக அறிஞர் பலர் கொள்வர். அப்பொல்லோ முதலிய தெய்வங்களை விளித்துத் தொடங்கும் அச்சூளுரை, ஆசானைப் பெற்றோர்போற் பேணுதலையும் உணவுமுறையால் நோயாளிக்கு நலஞ் செய்தலையும் கூறியபின், இரண்டு தடைகளை அடுத்தடுத்து வைக்கின்றது. கேட்டவர்க்கும் கொல்மருந்து தருதல் இல்லை, அதற்கு வழிகூறுதலும் இல்லை என்பது முன்னதன் கருத்து. பெண்ணுக்குக் கருவழிக்கும் மருந்துத் திரி தருதல் இல்லை என்பது பின்னதன் கருத்து. இவ்விரண்டையும் இணைப்பது ‘ஹொமொயோசு’ என்னும் கிரேக்கச் சொல். தமிழில் அஃது ‘அவ்வாறே’ எனப்படும்.

அவ்வொரு சொல்லின் வரலாறே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். கருவழிப்பையும் தற்கொலைக்குத் துணைபோதலையும் ஒருங்கே மறுப்போர், அதாவது உயிர்காப்புக் கொள்கையினர், இவ்விரண்டும் ஒரே அறத்தின் இரு முகங்கள் என்பர். அவரை மறுப்போர், ஒன்று கருவுற்ற பெண்ணின் உரிமை பற்றியது, மற்றொன்று இறக்கும் தறுவாயிலுள்ளான் விருப்பம் பற்றியது, இரண்டையும் ஒரு கயிற்றாற் கட்டுதல் பொருந்தாது என்பர். ஆகவே, அக்கயிறு எங்கே முடியப்பட்டது, எவரெவரால் இறுக்கப்பட்டது, எப்போது அவிழ்ந்தது என்று காண்டல் வேண்டும்.

தமிழ் இலக்கணம் பயின்றார்க்கு இச்சொல்லின் இயல்பு எளிதில் விளங்கும். முற்கூறிய விதியைப் பிறிதொன்றற்கும் உரியதாக்க ‘அற்றே’ என்றாற்போல் ஒரு சொல்லாற் சுட்டிவிடுதலை நம் இலக்கண நூலார் மாட்டேறு என்பர். சூளுரையின் ‘அவ்வாறே’ என்பதும் ஒரு மாட்டேறே. ஆனால் மாட்டேற்றில் மாட்டப்படுவது விதி. அவ்விதிக்குரிய காரணமும் உடன் மாட்டப்படுகின்றது என்று கொள்ள வேண்டும் என்பது நியதியன்று. சூளுரையோ காரணத்தை யாண்டும் வெளிப்படக் கூறவில்லை. தூய்மையாகவும் புனிதமாகவும் தன் வாழ்வையும் கலையையும் காத்தல் என்னும் ஒரு தொடர் மட்டும் அடுத்து வருகின்றது. அக்காரணத்தை ஒவ்வொரு காலத்தாரும் தாமே வருவித்துக்கொண்டனர் என்பதே நாம் கண்ட முடிபு.

சூளுரை எழுந்த கிரேக்க நாட்டில் இவ்விரு தடைகளும் பொதுவழக்காக இருந்தன என்று எண்ணிவிடல் ஆகாது. மாண்டினியாவைச் சார்ந்த திராசியாசு என்பார், நோவின்றி எளிதில் உயிர்போக்கும் மருந்தொன்றைக் கண்டார் எனத் தியோபிராசுட்டசு தம் செடிநூலிற் குறிக்கின்றார். அம்மருந்து நச்சுப்பூண்டும் கசகசாச் செடியின் பாலும் போல்வன சேர்ந்தது. அதனைக் குறிக்குமிடத்து அவர்பால் வெறுப்பேதும் காணப்படவில்லை. பிளேட்டோ தம் குடியரசு நூலில் வகுத்த வயதெல்லையைக் கடந்தோர்க்கு உண்டாகும் கரு உலகினைக் காணாதிருத்தலே நன்று எனக் கருதினார். அரிசுட்டாட்டில் மக்கட்பேற்றுக்கு வரம்பு கட்டி, வரம்பு மீறியவிடத்து உணர்வும் உயிரும் தோன்றுமுன் கருவை அகற்றலாம் என்றார். இவற்றினும் வியப்புடையது, அதே மருத்துவ நூற்றொகுதியுள் ‘குழந்தையின் இயல்பு’ என்னும் நூலில் வரும் செய்தி. இசைத்தொழில் புரிந்த அடிமைப் பெண்ணொருத்தியைத் துள்ளிக் குதிக்குமாறு கூறி, ஆறு நாளைய கருவை வெளிப்படுத்தியதை அந்நூலாசிரியர் தம் செயலாகவே எழுதி வைத்துள்ளார்!

ஆகலின், சூளுரையைக் கிரேக்க மருத்துவர் அனைவரின் குரலாகக் கொள்ளல் இயலாது. இம்முரண்பாட்டைப் பண்டையோரே அறிந்திருந்தனர். திராசன், ஏதிரியன் என்னும் பேரரசர் காலத்தில் உரோமையில் மருத்துவம் செய்த எபேசு நகர்ச் சொரானசு, தம் காலத்து மருத்துவர் இரு பிரிவினராய் நின்றமையைத் தெளிவாகக் கூறுகின்றார். ஒரு சாரார் இப்போக்கிரட்டீசின் வாக்கைக் காட்டிக் கருவழி மருந்துகளை அறவே விலக்கினர். மற்றொரு சாரார் தாயின் உயிர்க்கு இடர் நேருமிடத்து மட்டும் அவற்றை மேற்கொண்டு, பிறன்மனைத் தொடர்பை மறைத்தற்கோ உடலழகைக் காத்தற்கோ தர மறுத்தனர். சொரானசு பின்னவர் பக்கம் நின்றார். இற்றை நாள் வழக்காடல் முழுதும் ஏறத்தாழ இக்குறிப்பிலேயே கருக்கொண்டிருத்தலை நோக்குக.

இங்குப் பாடவேறுபாடு ஒன்றும் உண்டு. நமக்குக் கிடைத்துள்ள சூளுரைப் பாடம் ‘கருவழிக்கும் திரி’ என ஒருவகை மருந்தையே சுட்டுகின்றது. சொரானசு எடுத்தாளும் வடிவிலோ ‘திரி’ இல்லை; கருவழி மருந்து எதனையும் எவர்க்கும் தருதல் இல்லை என்னும் பொதுத்தடையாகவே உள்ளது. முன்னதைப் பற்றினால், தடை அம்மருந்தின் தீங்கு நோக்கியது, பெண்ணின் உடல்நலம் காத்தற்கு எழுந்தது என்று வாதிக்க இடமுண்டு. பின்னதைப் பற்றினால் அவ்விடம் இல்லை. ஒரு சொல்லின் இருப்பும் இன்மையும் ஒரு நூலின் அறத்தையே திருப்பிவிடும் என்பதை ஏட்டுச் சுவடிகளோடு பழகிய நம்மனோர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

‘அவ்வாறே’ என்பதற்கு முதன்முதற் காரணங் கூறியவராக நாம் அறிவது சுகிரிபோனியசு இலார்கசு என்னும் உரோமை மருத்துவரை. கிளாதியசு பேரரசர் காலத்தில், கி.பி. 47 அளவில், தம் மருந்து நூலுக்கு எழுதிய முன்னுரை மடலில் அவர் சூளுரையை நினைவூட்டுகின்றார். மனிதனாதற்குரிய ஐயநிலை நம்பிக்கையாகிய கருவைச் சிதைத்தலே தீதென்று கருதுபவன், முழுமையுற்ற மனிதனுக்கு ஊறு செய்தலை எத்துணைப் பெருந்தீதாகக் கொள்வான் என்பது அவர் வாதத்தின் சாரம். கருவின் நிலையை ‘ஐயம்’ எனவே அவர் ஒப்புக்கொள்கின்றார். அவ்வையத்தைக் காரணமாக்கி அழித்தற்கு உரிமை தேடவில்லை. மாறாக, ஐயமுள்ளவிடத்தும் கைவைத்தல் ஆகாது எனக் கொண்டு, அதிலிருந்தே மேலேறுகின்றார். பின்னாளில் உயிர்காப்புக் கொள்கையினர் எழுதிய எத்தனையோ பெருநூல்களினும் இம்மடலின் இச்சிறு பகுதியே வலிமை மிக்கது என்பது நம் கருத்து. இதனை எழுதியவர் கிறித்தவர் அல்லர் என்பதும் கருதத்தக்கது.

கிறித்தவம் பரவியபின் அக்காரணம் மாறியது. உயிர் இறைவனுடையது, ஆதலின் அதனைத் தொடக்கத்திலும் முடிவிலும் மனிதன் பறித்தல் இல்லை என்னும் கொள்கை ‘அவ்வாறே’க்குள் வந்தமர்ந்தது. ‘திதக்கே’ என்னும் தொன்மைக் கிறித்தவக் கையேடு கருவழிப்பையும் பிறந்த குழவியைக் கொல்லுதலையும் ஒருசேர விலக்குகின்றது. தெர்த்துல்லியன் மனிதனாகப் போவதும் மனிதனே என்று வாதிட்டார். தற்கொலையை எவ்வகையானும் நியாயப்படுத்த இயலாது என்பதை அகுசுத்தீன் தம் ‘இறைவன் நகர்’ நூலின் முதற் பகுதியில் விரிவாக நிறுவினார். சூளுரையும் கிறித்தவ வடிவம் பெற்றது. சிலுவை உருவில் வரிகள் அமைக்கப்பெற்ற அவ்வடிவில் கிரேக்கத் தெய்வங்கள் மறைந்தன. கருவழிப்புத் தடை, மருந்து மேல்வழிச் செல்லினும் கீழ்வழிச் செல்லினும் பொருந்துமாறு விரிக்கப்பட்டது. ஆயினும், இடைக்காலத் திருச்சபை கருவின் தொடக்க நாள் முதலே அதனை முழு மனிதனாகக் கொண்டு தண்டம் விதித்தது என்பது பிழை. உருப்பெற்ற கரு, உருப்பெறாத கரு என்னும் வேறுபாடு அரிசுட்டாட்டிலின் வழிவந்து, அக்குவினாசு முதலியோரால் ஏற்கப்பட்டது. திருச்சபைத் தண்டங்களினின்று அவ்வேறுபாடு முற்றும் நீங்கியது ஒன்பதாம் பயசு காலத்தில், 1869ஆம் ஆண்டில்தான்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கயிறு இரத்தத்தில் நனைந்தது. செருமானிய நாட்டில் 1920ஆம் ஆண்டு, பிண்டிங்கு என்னும் சட்ட அறிஞரும் ஓகே என்னும் மனநோய் மருத்துவரும் ‘வாழத் தகுதியற்ற உயிர்’ என்னும் கருத்தை வைத்து ஒரு நூல் வெளியிட்டனர். இட்லர் 1939 செப்டம்பர் 1 என நாளிட்ட மடலொன்றால், தீரா நோயுற்றார்க்குக் ‘கருணைச் சாவு’ அளிக்க மருத்துவர்க்கு அதிகாரம் தந்தான். 1941 ஆகசுட்டு வரை ஆறு நிலையங்களில் எழுபதினாயிரத்தின் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அம்மாதம் 3ஆம் நாள் மூன்சுட்டர் நகர ஆயர் பான் காலென் அக்கொலைகளை மறைமேடையில் நின்று வெளிப்படையாகக் கண்டித்தார். அம்மாதத்திலேயே நிலையங்களின் பணி நிறுத்தப்பட்டதாயினும் கொலைகள் வேறு வழிகளில் தொடர்ந்தன. போருக்குப்பின் நூரெம்பெர்கில் 1946 திசம்பர் முதல் 1947 ஆகசுட்டு வரை நடந்த மருத்துவர் வழக்கில் இப்போக்கிரட்டீசின் பெயர் மீண்டும் மீண்டும் ஒலித்தது.

இவ்வழக்கோடு தொடர்புற்றிருந்த இலியோ அலெக்சாண்டர் என்னும் மருத்துவர் 1949ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், அப்பெருங்கொடுமை சிறியதொரு மனமாற்றத்திலிருந்தே தோன்றிற்று என்றார்: வாழத்தகாத வாழ்வு ஒன்று உண்டு என மருத்துவர் ஒப்பியதே அம்மாற்றம். உயிர்காப்புக் கொள்கையினர் இக்கட்டுரையைப் பெரிதும் போற்றுவர். அவர் அச்சத்திற்கு வரலாற்றில் அடிப்படை உண்டு என்பதை மறுத்தல் அரிது. எனினும் செருமானியக் கொலைகள் எவரும் வேண்டாதவை, கொல்லப்பட்டோர் கேளாதவர். 2002 ஏப்பிரலில் நெதர்லாந்தில் நடைமுறைக்கு வந்த சட்டமோ நோயாளியின் வேண்டுகோளையே அடிப்படையாகக் கொண்டது. இவ்விரண்டையும் ஒன்றென்பார் வாதம் நிரம்பாது. சூளுரையின் கூர்மை வேறிடத்தில் உள்ளது. கேளாதவனைக் கொல்லல் கொலை என்பதற்குச் சூளுரை வேண்டுவதில்லை. ‘கேட்டாலும்’ என்னும் அச்சொல்லே அதற்கு உயிர்.

செருமனியிலிருந்து 1933ஆம் ஆண்டு நீங்கி அமெரிக்காவில் புகலடைந்த உலூத்விக்கு எடல்சுடைன் என்னும் மொழிநூலறிஞர், அக்கொலைகள் நிகழ்ந்துவந்த 1943ஆம் ஆண்டிலேயே, சூளுரை பற்றிய தம் ஆய்வைப் பால்டிமோரில் வெளியிட்டார். கிரேக்கருள் தற்கொலையையும் கருவழிப்பையும் ஒருங்கே மறுத்தோர் பித்தாகோரசின் வழியினரே. ஆகவே சூளுரை அச்சிறு குழுவினரின் சாசனம் என்பது அவர் முடிபு. பின்வந்த அறிஞர் பலர் இதனை முற்றும் ஏற்றிலர். ஆனால் முப்பதாண்டுகட்குப்பின் இவ்வாய்வு எதிர்பாராத இடத்தில் தோன்றியது. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1973 சனவரி 22ஆம் நாள் ரோ வழக்கில் கருவழிப்பை அரசியலமைப்பு உரிமையாக்கியபோது, நீதிபதி பிளாக்மன் எடல்சுடைனைத் துணைக்கொண்டு, சூளுரையின் கடுமை ஒரு குழுவின் கொள்கையே அன்றிப் பொதுமருத்துவ அறம் அன்று என எழுதினார்.

இவ்வாதம் நமக்கு உடன்பாடன்று. சூளுரை பழங்காலத்துப் பொதுவழக்கு அன்று என்பது உண்மையே. அதனை மேலே காட்டினோம். உயிர்காப்புக் கொள்கையினருட் சிலர் ஈராயிரம் ஆண்டு மாறாமரபு எனப் பேசுவதற்கு அது தக்க விடையுமாகும். ஆனால் ஒரு நூல் இன்ன குழுவிற் பிறந்தது என நிறுவிவிட்டால் அதன் அறம் அக்குழுவின் எல்லையோடு முடிந்துவிடும் என்பது எங்ஙனம்? வள்ளுவர் இன்ன சமயத்தவர் என நாளை ஐயமற நிறுவப்பட்டாலும், கொல்லாமை அச்சமயத்தார்க்கு மட்டும் உரியது என நம்முள் எவரும் கூறார். தோற்றம் ஆராய்தல் வரலாற்றாசிரியர் கடன். தகுதி ஆராய்தல் வேறு கடன். நீதிமன்றம் முன்னதைக் கொண்டு பின்னதைத் தீர்க்க முற்பட்டது. ரோ தீர்ப்பு 2022 சூன் 24ஆம் நாள் அதே மன்றத்தால் நீக்கப்பட்டது.

இதற்கிடையில் சூளுரையின் புதுவடிவிலேயே முடிச்சு அவிழ்ந்துவந்தது. உலக மருத்துவச் சங்கம் 1948 செப்டம்பரில் செனீவா உறுதிமொழியை ஏற்றபோது, கருவுற்ற காலந்தொட்டு மனித உயிரைப் போற்றுதல் அதன்கண் இடம்பெற்றது. நூரெம்பெர்கின் நினைவு ஆறாத காலம் அது. 1970இல் அச்சங்கமே ஆசுலோவில் கருவழிப்புப் பற்றி நெகிழ்ந்த அறிக்கை ஒன்று வெளியிட்டது. 1983இல் வெனிசு நகரில் ‘கருவுற்ற காலந்தொட்டு’ என்பது ‘அதன் தொடக்கந்தொட்டு’ என மாறியது. தொடக்கம் எது என்பதை அவரவர் கருத்திற்கு விட்டனர் போலும்! பின்னர் அதுவும் நீங்கிற்று. 2017இல் சிகாகோவில் நோயாளியின் தன்னுரிமையைப் போற்றுதல் சேர்க்கப்பட்டது. ஆயினும் அதே சங்கம் 2019இல் திபிலிசியில், கருணைக்கொலையையும் மருத்துவர் துணையோடு செய்யும் தற்கொலையையும் தான் எதிர்ப்பதாக மீண்டும் அறிவித்தது. ஒரு தடை தளர, மற்றொன்று நிற்க, ‘அவ்வாறே’ இடையில் அற்றுப்போயிற்று.

நம் நாட்டில் நிகழ்ந்தது இதனினும் விந்தையானது. கருவழிப்பை வரையறைக்குட்படுத்தி இசைந்த சட்டம் 1971இல், ரோ தீர்ப்புக்கும் முன்னரே, நிறைவேறியது. 2021இல் சில வகைப் பெண்களுக்கு அதன் எல்லை 24 வாரமாக உயர்ந்தது. தற்கொலைக்குத் துணைபோதலோ இன்றும் குற்றமே. 2018 மார்ச்சு 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் இசைந்தது உயிர்தாங்கு கருவிகளை விலக்கி இயற்கைச் சாவுக்கு விடுதலை மட்டுமே. கொல்மருந்து தருதலை அன்று. 2022 ஏப்பிரல் 30ஆம் நாள் மதுரை மருத்துவக் கல்லூரியில் புதுமாணவர் இப்போக்கிரட்டீசின் சூளுரைக்கு மாற்றாகச் சரகர் பெயரால் உறுதிமொழி எடுத்தபோது பெரும்பூசல் விளைந்தது. அது பெரிதும் மொழியையும் பண்பாட்டையும் பற்றியே நிகழ்ந்தது. இந்திய மருத்துவக் கழகம் 2002இல் வகுத்த ஒழுக்க விதிகளின் பின்னிணைப்பில் மருத்துவர்க்குரிய உறுதிமொழி ஒன்று உளது. உலகச் சங்கம் 1983இலேயே கைவிட்ட அந்த 1948ஆம் ஆண்டுத் தொடர், கருவுற்ற காலந்தொட்டு என்னும் அத்தொடர், அதன்கண் எழுத்து மாறாது நிற்கின்றது. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவழிப்புச் செய்ய உரிமை பெற்ற மருத்துவரும் அவ்வுறுதிமொழிக்குரியவரே.