மலைக்கு வேலி

பஞ்சாலை நகரம் மான்செஸ்டர். எஃகு நகரம் ஷெஃபீல்டு. இவ்விரண்டுக்கும் இடையே, 636 மீட்டர் உயரத்தில், காற்று தடையின்றி உலவும் மேட்டு நிலமொன்று உண்டு. கிண்டர் ஸ்கவுட் என்பது அதன் பெயர். ஆறு நாள் ஆலைப் புகையை விழுங்கிய தொழிலாளி, ஏழாம் நாள் அம்மலையை நாடினான். நாடலாம், அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கலாம், ஏறலாகாது! தடியேந்திய காவலாட்கள் தடுத்தனர். மலை, டெவன்ஷயர் கோமகன் போன்ற சீமான்களின் சொத்தாம்.

மலைக்குச் சொந்தக்காரன் எப்படி முளைத்தான்? இங்கிலாந்தின் வேலிச் சட்டங்களைப் புரட்டினால் விடை கிடைக்கும். 1604 முதல் 1914 வரை, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சட்டங்களால், 68 இலட்சம் ஏக்கர் நிலம் வேலிக்குள் போயிற்று. நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு! ஆடு மாடு மேய்க்கவும், சுள்ளி பொறுக்கவும், அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டவும் ஊரார் வழிவழியாய்ப் பெற்றிருந்த உரிமை, ஏட்டில் விழுந்த கையெழுத்தால் ஒழிந்தது. சட்டம் செய்த மன்றத்தில் அமர்ந்திருந்தோர் யார்? நிலமுடையோர். நிலம் பெற்றோர் யார்? அவரே! இதனைப் பறிமுதல் என்று நாம் கூறினால், சட்டப்படி நடந்தது என்பர் சிலர். ஆம், சட்டப்படிதான் நடந்தது. நம் குற்றச்சாட்டே அதுதானே!

பறித்த மலையில் சீமான்கள் பயிரிட்டனரா? இல்லை. கிரவுஸ் எனும் காட்டுப் பறவையை வளர்த்தனர், சுட்டு விளையாட! ஆகஸ்டு 12இல் தொடங்கி டிசம்பர் 10இல் முடியும் அந்த வேட்டைக்காக, ஆண்டு முழுதும் மலை அடைபட்டுக் கிடந்தது. கேட்டால், "பறவை கலையும், குடிநீர் கெடும்" என்றனர். இயற்கையின்பால் அத்துணை இரக்கம், துப்பாக்கி ஏந்திய கரங்களுக்கு!

1884இல் ஜேம்ஸ் பிரைஸ், ஸ்காட்லாந்து மலைகளில் மக்கள் நடமாட உரிமை கோரி மசோதா கொண்டுவந்தார், தோற்றது. பிறகு வந்தவையும் தோற்றன. அரை நூற்றாண்டு மனுவாகவே கழிந்தது.

1932, ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. பென்னி ராத்மன் எனும் இருபது வயது இளைஞன் தலைமையில், நூற்றுக்கணக்கான தொழிலாளர் ஹேஃபீல்டு சிற்றூரிலிருந்து புறப்பட்டுத் தடையை மீறி மலையேறினர். காவலாட்களோடு கைகலப்பு நிகழ்ந்தது. அறுவர் கைது. அந்நிய நிலத்தில் காலடி வைத்தல் அன்று குற்றமே அன்று. ஆகவே கலகம் என்று வழக்குத் தொடுத்தனர்! தீர்ப்பளிக்க அமர்ந்தோரில் பட்டாள அதிகாரிகளும் பண்ணைச் சீமான்களும் இருந்தனர். ஐவருக்குச் சிறை, இரண்டு திங்கள் முதல் ஆறு திங்கள் வரை. நடையர் சங்கங்களின் பெரியவர்கள் பலரும் இம்முயற்சியைக் கண்டித்தனர் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. சிறைக் கதவு மூடிய பிறகே அவர்தம் அனுதாபம் திறந்தது.

1949இல், தொழிற்கட்சி ஆட்சியில், தேசியப் பூங்காச் சட்டம் பிறந்தது. 1951இல் கிண்டர் ஸ்கவுட்டை உள்ளடக்கிய பீக் மாவட்டம் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. திறந்த மேட்டு நிலங்களில் நடமாடும் பொது உரிமைக்கோ 2000ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. 2002இல், அன்றைய கோமகனின் பெயரன், மேடையேறி மன்னிப்புக் கோரினார்.

மலை கெட்டதா? கெட்டது! ஆனால் கெடுத்தது யார்? ஆலைகள் கக்கிய புகை, அளவிறந்த ஆட்டு மந்தை, காட்டுத் தீ. இவை பாசியைக் கொன்று கரிமண்ணை அரித்தன. நடந்தோர் கால்களும் பாதைகளைச் சேறாக்கின, அதையும் ஒப்புவோம். பரிகாரமாக எவரும் மலையை மீண்டும் பூட்டவில்லை. பாசியை நட்டனர், பாதைகளில் கற்பலகை பரப்பினர். அந்தக் கற்களில் பல, இடிக்கப்பட்ட பஞ்சாலைகளின் தளத்திலிருந்து பெயர்த்தவை. எந்தத் தளத்தில் நின்று உழைத்தானோ, அதன்மீதே நடந்து மலையேறுகிறான் தொழிலாளியின் பெயரன்!

வழக்கு ஓயவில்லை. டார்ட்மூர் பொது நிலத்தில் கூடாரமிட்டு இரவு தங்க மக்களுக்கு உரிமையில்லை என்று நிலக்காரர் வழக்காடினர். கால்நடைக்கும் இயற்கைக்கும் கேடு என்ற பழைய பல்லவியோடு! 2023 ஜனவரியில் வென்றனர். ஜூலையில் மேல்முறையீட்டில் தோற்றனர். 2025 மே திங்களில் உச்ச நீதிமன்றமும் மக்கள் பக்கமே தீர்ப்பளித்தது.