பற்று நோட்டும் பலகை விலையும்

காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை, அரூர்ப் பக்கம் புழுதியூரில் புதன்கிழமை. தருமபுரி மாவட்டத்துச் சந்தைகளில் மாட்டின் விலையை நாலு பேர் காதுபட வாய்விட்டுச் சொல்வது பழைய வழக்கமில்லை. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, விற்பவர் கையையும் தன் கையையும் சேர்த்து மூடிக்கொள்வார். உள்ளே விரல்கள் பேசும். எந்த விரலைப் பிடித்தார், எதை மடக்கினார், எங்கே அழுத்தினார் என்பது அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்பதெல்லாம் "இன்னும் கொஞ்சம் இறங்கி வாங்க", "கட்டாதுங்க" என்கிற இரண்டு சொல்தான். பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நாலடி நடக்கவிட்டுப் பார்த்து, கடைசியில் அச்சாரம் கைமாறும்.

ஒரே வயது, ஒரே நிறம், ஒரே கறவை உள்ள இரண்டு மாடுகள் ஒரே சந்தையில் இரண்டு விலைக்குப் போவது இதனால்தான். தரகருக்கு மாட்டைத் தெரிவதைவிட ஆளை நன்றாகத் தெரியும். மகள் கல்யாணத்துக்காக விற்க வந்தவர் யார், போன மாதம் ஏர்மாடு செத்துப்போய் அவசரத்தில் வாங்க வந்தவர் யார், சும்மா விலை விசாரிக்க வந்தவர் யார் என்பதெல்லாம் துண்டு விரிவதற்கு முன்பே அவர் மனத்தில் கணக்காகியிருக்கும்.

வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டு, அவர் கேட்பதற்கு முன்பே கொண்டுவந்து நீட்டுவதுதான் இன்றைய வணிகத்தின் உச்சம் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அதற்கென்று மென்பொருள் வாங்குகின்றன, வல்லுநர்களை வேலைக்கு வைக்கின்றன. தருமபுரியின் வணிக வரலாற்றைப் புரட்டினால் இந்த வித்தை இங்கே பழசு என்று தெரியும். கூடவே இன்னொன்றும் தெரியும். இந்த மாவட்டத்து எளிய மக்கள், தங்களை இவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருந்த கடையிடமிருந்து தப்பிக்கவும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பாடுபட்டிருக்கிறார்கள்.

தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். மைசூர்ப் பீடபூமிக்கும் தமிழகச் சமவெளிக்கும் நடுவே கிடக்கும் வழிநிலம். ஆநிரை காக்கப் போய் இறந்த வீரர்களுக்கு நட்ட கற்கள் மாவட்டம் முழுக்கக் கிடைத்திருக்கின்றன. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பார்த்தால், இங்கே மாடு எவ்வளவு பெரிய சொத்தாக இருந்தது என்று விளங்கும். வணிகர்களும் கல்லில் இடம் பிடித்திருக்கிறார்கள். நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்து, கி.பி. 893ஐச் சேர்ந்த தருமபுரித் தூண் கல்வெட்டு ஒன்று, நிதியண்ணன், சண்டியண்ணன் என்ற வணிகர் மக்கள் இருவர் தகடூரில் சமணப் பள்ளி கட்டியதைச் சொல்கிறது. கல்வெட்டின் மொழி கன்னடம். ஊரோ தமிழ் ஊர். இன்றும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் நடுத்தர வயதுக் கடைக்காரர் ஒருவர் தமிழில் கணக்குச் சொல்லி, தெலுங்கில் நலம் விசாரித்து, கன்னடத்தில் பேரம் பேசுவதைக் கேட்கலாம். வந்தவர் வாய் திறந்ததும் அவர் மொழிக்கு மாறிக்கொள்வதுதான் இந்த மண்ணில் வாடிக்கையாளர் சேவையின் முதல் பாடம்.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, தருமபுரியை உள்ளடக்கிய பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடு தலைமை அதிகாரி. அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் இருந்துகொண்டு 1799 வரை நிர்வாகம் பார்த்தார். நிலத்தை வயல் வயலாக அளந்து, இடைத்தரகர் இல்லாமல் உழவரோடு நேரடியாகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருக்கொண்டது. பின்னாளில் மன்றோ சென்னை மாகாண ஆளுநரானபோது அந்த முறை மாகாணமெங்கும் பரவியது. அரசாங்கமே ஒவ்வொரு குடியானவரையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தது என்று இதைச் சொல்லலாம். ஆனால் தெரிந்துகொண்டது வாங்குவதற்காக. கிஸ்தியைக் காசாகக் கட்ட வேண்டும், தவணை தவறக் கூடாது. மழையை நம்பிக் கேழ்வரகும் சாமையும் விதைத்த வானம்பார்த்த பூமியில் கையில் காசு எப்போதும் இருக்காது. காசு இருந்த இடம் கடை.

பஞ்சத்தைச் சமாளிக்கவென்று மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் குறுகிய இருப்புப்பாதை போட்டார்கள். 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. 1941இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, மூடப்பட்டது. ரயில் போன பின்னும் கடை நிலைத்தது.

அந்தக் கடையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் கடைக்காரரின் பேரேடு. வாடிக்கை வீட்டில், அடுப்படி ஆணியில் தொங்கும் சிறிய பற்று நோட்டு. பிள்ளை அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடிவந்தால், வீட்டில் என்ன தீர்ந்திருக்கிறது என்று கடைக்காரர் பாதி ஊகித்துவிடுவார். பத்துக் காசுக்குப் பெருங்காயம், எலுமிச்சை அளவு புளி, கொண்டுவந்த சீசாவில் கால் அளவு நல்லெண்ணெய். இதைவிடச் சின்ன பொட்டலம் எந்த நிறுவனமும் இன்றுவரை கட்டியதில்லை. பிள்ளை பெற்ற வீடு என்றால் சுக்கு, திப்பிலி, ஓமம் என மருந்துச் சாமான் சொல்லாமலே சேரும். எழவு வீடு என்றால் நோட்டைக் கேட்காமலே சாமான் போகும். வீட்டுக்காரர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போயிருந்தால், அவர் பணம் அனுப்பும் தேதிவரை கடை பொறுக்கும்.

ஆனால் இந்தப் பொறுமைக்கு விலை உண்டு. அதுவும் நோட்டிலேயே ஏறும், தனி வரியாக அல்ல. தைக்குப் பிறகு புளி உலுக்கும் பருவம் வரும். தருமபுரிப் புளிக்கு வெளியூர்ச் சந்தைகளில் நல்ல பேர். பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுத்த புளி பெரும்பாலும் பற்று வைத்த கடைக்கே போகும். விலையைச் சொல்பவர் அதே கடைக்காரர். எடை போடுபவரும் அவரே. அளவுகளோ ஊருக்கு ஊர் வேறு. ஓரூர் வள்ளமும் பக்கத்து ஊர் வள்ளமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வீட்டின் தேவை முழுவதும் தெரிந்தவருக்கு, அந்த வீடு எவ்வளவு குறைந்த விலைக்குச் சம்மதிக்கும் என்பதும் தெரியும். பற்று நோட்டைப் பாசத்தின் அடையாளமாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

இன்னும் கசப்பான பக்கம் ஒன்று உண்டு. ஆளைத் தெரிவது என்றால் சாதியைத் தெரிவதும்தான். டீக்கடையில் யாருக்குக் கண்ணாடி டம்ளர், யாருக்குத் தனிக் குவளை, யார் பெஞ்சில் உட்காரலாம், யார் வெளியே நின்று குடிக்க வேண்டும் என்பதெல்லாம் ஆள் பார்த்துச் செய்த சேவைதான். இது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2024 பிப்ரவரியில் கம்பைநல்லூர் வட்டாரத்தில் வயல் வேலைக்குப் போன பட்டியல் சாதிப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ கொடுத்ததாக வழக்குப் பதிவாகி, கைது நடவடிக்கையும் நடந்தது.

இதையெல்லாம் மனத்தில் வைத்துப் பார்த்தால்தான், ஆள் முகம் பார்க்காத வணிகம் இருபதாம் நூற்றாண்டில் ஏன் ஒரு விடுதலையாக வந்தது என்று புரியும். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூரில் விவசாயக் கடன் சங்கம் தொடங்கியது. அந்த முறை மெல்ல மெல்ல உள்மாவட்டங்களுக்கும் வந்தது. 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக வந்த மெட்ரிக் எடைக்கற்கள் ஊருக்கொரு வள்ளத்தை ஓரங்கட்டின. ரேஷன் கடையில் குடும்ப அட்டைக்கு இவ்வளவு என்றால் இவ்வளவுதான். வரிசையில் முன்னால் நிற்பவர் பெரிய வீட்டுக்காரர் என்பதற்காக அரிசி கூடுதலாகக் கிடைக்காது. பொட்டலத்தின் மேல் அதிகபட்ச விலை அச்சாகி வந்ததும் கடைக்காரர் முகத்தைப் பார்த்து விலை ஊகிக்கும் வேலை ஒழிந்தது. தருமபுரியில் அரசின் பட்டுக்கூடு அங்காடியில் விவசாயி கொட்டும் கூடு ஏலத்துக்குப் போகிறது. நாலு பேர் நடுவே கேட்கும் விலை அது. துண்டுக்குள் பேசும் விலை அல்ல.

1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று இங்கும் வந்தது. வாசலில் பலகை. அன்றைக்குத் தக்காளி என்ன விலை, கத்தரி என்ன விலை என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். கலெக்டர் வீட்டுக்கு வாங்க வந்தவருக்கும் கட்டட வேலை முடித்து வந்தவருக்கும் பலகை ஒன்றுதான். இந்த அலட்சியத்தில் ஒரு மரியாதை இருந்தது.

ஆள் பார்க்கும் முறையும் பலகை விலை முறையும் ஒன்றாக ஓடும் இடம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஒகேனக்கல்லில் பரிசலுக்குக் கட்டணம் அரசு நிர்ணயித்தது. பரிசலிலிருந்து இறங்கிக் கரைக்கு வந்தால் கதையே வேறு. ஆற்று மீனை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், சமைத்துத் தரும் பெண்கள் கூப்பிடுவார்கள். குழம்பா, வறுவலா? காரம் தூக்கலா, பிள்ளைகளுக்குக் குறைத்தா? புளி எவ்வளவு? கேட்டுக் கேட்டு, கண் முன்னே அம்மியில் அரைத்த மசாலா தடவி, ஆற்றில் குளித்துவிட்டு வருவதற்குள் இலையில் வைப்பார்கள். எண்ணெய் தேய்த்துவிடுபவர்களும் அப்படியே. தோளைத் தொட்டுப் பார்த்ததும் ஆளின் தொழிலைச் சொல்லிவிடுவோரும் உண்டு. இங்கே ஆள் பார்த்துச் செய்யும் சேவை கசக்கவில்லை. காரணம் எளிது: வந்தவர் நாளைக்கு ஊர் திரும்பிவிடுவார், யாரும் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை, அடுத்த அடுப்புக்குப் போக யாரும் தடுக்கவில்லை.

2016இல் யுபிஐ வந்தது. சந்தையில் கீரைக்கட்டு விற்பவரிடமும் இப்போது ஒரு சதுர அட்டை தொங்குகிறது. பணம் விழுந்ததைப் பெட்டி ஒன்று சத்தமாகச் சொல்கிறது. மளிகைப் பட்டியல் வாட்ஸ்அப்பில் போகிறது, அரை மணியில் சாமான் வாசலுக்கு வருகிறது. கடைக்காரரின் பேரேட்டைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்த காத்தாபுக் போன்ற செயலிகள், பாக்கி வைத்தவருக்கு நினைவூட்டலையும் அனுப்புகின்றன. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பிள்ளை சாமானைத் தொடுவதற்கு முன் கைப்பேசி எண்ணைக் கேட்கிறார். ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்க வேண்டியிருக்கிறது. முகம் பார்க்காத வணிகமும் ஆளைத் தேடி வந்துவிட்டது.

பழைய நோட்டுக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் நினைவாற்றலில் இல்லை. அடுப்படி ஆணியில் தொங்கிய நோட்டின் நகல் வீட்டிலேயே இருந்தது. கடைக்காரர் ஒரு வரி கூட்டி எழுதினால் மாதக் கடைசியில் சண்டை போட அது போதும். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வாசித்துச் சொல்லும். இன்றைய கணக்கு முழுக்கக் கடைப் பக்கமே இருக்கிறது. என்ன வாங்கினார், எந்தத் தேதியில் கையில் காசு இருக்கும், எந்த விலைக்கு இணங்குவார் என்று அதில் என்னென்ன ஏறியிருக்கிறது என்பதை வாடிக்கையாளர் பார்த்ததில்லை.

2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றி வைத்திருப்பதைக் காட்டு, தவறைத் திருத்து, வேண்டாததை அழி என்று கேட்கும் உரிமையை வாடிக்கையாளருக்குத் தருகிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமல்லாமல் அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. பாலக்கோட்டுக் கடைக்காரருக்கு இது புதிதில்லை. பில் போடும் இயந்திரங்கள்தான் இனிக் கற்றுக்கொள்ள வேண்டும்.